திரும்பி வந்த பதினொரு மடல்கள்

பிள்ளைகளே, உங்கள் அப்பா ஒருவன்மேல் வயிறெரிந்து திரிந்த காலமும் உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், கோலசிலாங்கூரில் எங்கள் இளைஞர் மன்றத்துக்கு நான் செயலாளர். ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய பதவி. மாதம் ஒரு மடல் அச்சடித்து, சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருந்த உறுப்பினர்களுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். முதல் மாதமே பதினொன்று திரும்பி வந்தன. உறைமேல் ‘இங்கு இல்லை’ என்று சிவப்பு மையில் மலாயில் எழுதியிருந்தது. முகவரியைப் பெரிதாக எழுதி மறுபடி அனுப்பினேன். அதே பதினொன்றும் திரும்பின.

மன்றத்தின் பந்துக் குழுவைப் பார்த்துக்கொண்டவன் ஒரு லோரி ஓட்டுநர், என் வயதுக்காரன். அதே ஆட்களுக்கு அவனும் தபாலில்தான் ஆட்ட அறிவிப்பு அனுப்புவான். அவனுடையது ஒன்றுகூடத் திரும்பியதில்லை. சனிக்கிழமை திடலில் பதினொரு பேரும் வந்து நிற்பார்கள், என்னைப் பார்த்து மடல் ஏன் வரவில்லை என்பார்கள். ஆண்டுக் கூட்டத்தில் அவனையே செயலாளராகப் போடலாமென்று தலைவர் சொன்னதாகக் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவன் சிரித்தாலே எனக்கு எரிந்தது. தபால்காரரைக் கைக்குள் போட்டுக்கொண்டான் என்று உங்கள் அம்மாவிடம் புலம்பினேன். அவனிடமே கேட்டுவிடுங்கள் என்றாள். மனம் வரவில்லை.

ஒருநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, மடல்கள் அதிகம் திரும்பிய தோட்டத்தின் ஆபீசுக்குச் சைக்கிளில் போனேன். அங்கே கணக்கெழுதும் கிராணி என் உறைகளைப் புரட்டினார்.

“செக்ரோல்ல பேரு இல்லாத ஆளுக்குக் கடுதாசி வந்தா யாருகிட்ட கொடுக்கறது? திருப்பித்தான் அனுப்புவேன்லா.”

அப்போதுதான் விளங்கியது. அந்தப் பதினொரு பேரும் குடியிருந்தது தோட்டத்து லயத்தில், வேலை பார்த்தது ராவாங் நகரத் தொழிற்சாலைகளில். தோட்டச் சம்பளப் பதிவில் அவர்கள் பெயர் கிடையாது. காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது, அந்தப் பதிவைப் பார்த்துத்தான் கடிதமும் கொடுப்பார்கள்.

“பந்து கடுதாசி மட்டும் எப்படிங்க போகுது?”

“அந்த லோரிக்காரரு, செக்ரோல்ல இருக்கற அப்பன் பேரைப் போட்டு, கீழே மகன் பேரை எழுதுறாரு. அப்பனைக் கூப்பிட்டுக் கொடுத்துடுவேன்.”

இவ்வளவுதானா என்று வந்தது. இது எனக்குத் தோன்றாமல் அவனுக்கு எப்படித் தோன்றியது என்பதுதான் வழியெல்லாம் குடைந்தது.

வீட்டுக்கு வந்து உறைகளை அவன் எழுதியதுபோலவே எழுதினேன். ஒன்றும் திரும்பவில்லை. ஆண்டுக் கூட்டத்தில், மடல்கள் இப்போது எப்படிப் போய்ச் சேருகின்றன என்று தலைவர் கேட்டதற்கு, நானே அலைந்து வழி கண்டுபிடித்தேன் என்றேன். அவன் பெயரைச் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அந்த ஓட்டுநர் எழுந்தபோது, உண்மையைச் சொல்லிவிடப் போகிறான் என்று நினைத்தேன்.

“செயலாளரா இவரே இருக்கட்டும்லா. இவரு மாதிரி மெனக்கெட நம்மால முடியாது.”

எல்லாரும் கை தட்டினார்கள். பதவி நிலைத்தது. அவன் போட்ட பிச்சை என்றுதான் அன்று நினைத்தேன். அதற்கும் சேர்த்து அவன்மேல் பொறாமைப்பட்டேன். அவனுக்கு நன்றி சொல்லவே இல்லை.