செல்வி அக்கா படித்த 'அவசரம்'

பிசிக்ஸ் ஆராய்ச்சிக்கு அனுப்பிய விண்ணப்பத்தில், "நான்கு வருடங்களாகப் பழ ஈக்களை வளர்த்து வருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டவன் நான். வீட்டில்கூட இதுவரை சொன்னதில்லை.

இன்று சொல்லியாக வேண்டும். அந்த விண்ணப்பத்தை அனுப்பிவைத்த செல்வி அக்கா காலையில் காலமாகிவிட்டார்.

பழவங்காடிப் பிள்ளையார் கோயில் பக்கத்துச் சந்தில் அக்காவின் ஃபோட்டோஸ்டாட் கடை. மலையாளப் பேப்பரில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்கு அடுத்த ஆராய்ச்சி வேலை) விளம்பரம் எது வந்தாலும் வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிடுவார். இடப்பக்கம் பிசிக்ஸ், வலப்பக்கம் லைஃப் சயன்ஸ். நடுவில் லேமினேஷன் ரேட்.

எனக்கு அப்போது பிஎச்.டி. முடிந்து... சரி, அது எத்தனை வருடம் என்பது வேண்டாம். வயது வரம்பு தாண்ட ஒரு மாதம்தான் பாக்கி. ஏற்கெனவே இரண்டு இடங்களுக்குக் கடைசித் தேதிக்கு மறுநாள் விண்ணப்பித்த பெருமை உண்டு.

டீ குடிக்கப் போனவனைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"டாக்டரே, ஓடி வாங்க! பிசிக்ஸ் போஸ்ட்டாக்... அவசரம்னு போட்டிருக்கான்!"

எட்டிப் பார்த்தேன். 'கவேஷண அவசரம்'. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. ஆராய்ச்சி வாய்ப்பு, அவ்வளவுதான். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் இருந்தது.

"அக்கா, இது நம்ம அவசரம் இல்ல..."

"பேப்பர்காரனைவிட உங்களுக்குத் தெரியுமோ? உக்காருங்க சாரே. கரண்ட் போறதுக்குள்ள அனுப்பிருவோம்."

பதற்றம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. முந்தின நாள் ஒரு பயாலஜிப் பெண் அடித்து வைத்திருந்த கடிதம் கம்ப்யூட்டரில் கிடந்தது. அதைத் திறந்து, பெயரை மாற்றி, 'செல்' வந்த இடமெல்லாம் 'லேசர்' ஆக்கி... ஈக்களை மறந்துவிட்டேன்.

இன்டர்வியூவில் முதல் கேள்வி: "ஈச்சகளெல்லாம் சுகமல்லே?"

"சுகம்தான் சார். லேசர் வெளிச்சத்தில் நன்றாக வளர்கின்றன" என்றேன். சிரித்து முடித்துவிட்டு நிஜக் கேள்விகள் கேட்டார்கள். வேலை கிடைத்தது.

அன்றே அக்கா கண்ணாடியில் ஸ்கெட்ச் பேனாவால் என் பெயரை எழுதினார். கீழே, 'நம்ம கடை'.

அப்புறம் அந்தக் கண்ணாடியில் எத்தனை பெயர்கள்... வைரஸ் ஆராய்ச்சிக்குப் போனவர்கள், நட்சத்திரம் பார்க்கப் போனவர்கள். ஆதார் காப்பி எடுக்க வந்தவரையும் நிறுத்திவைத்து வாசித்துக் காட்டுவார். நான் அகப்பட்டால் தீர்ந்தது. "இந்த சாரு நம்ம ஆளாக்கும்!"

நானும் போகிற இடமெல்லாம், "அக்காவுக்கு மலையாளம் தெரியாததால் விஞ்ஞானி ஆனவன்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவேன். அவர் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

போய் வாங்க அக்கா. இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்கு எந்த அவசரமும் இருந்திருக்க வேண்டாம்.

மதியம் சாலைக் கடைத்தெருப் பக்கம் இருக்கும் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் பட்டமளிப்பு விழாப் படம் ஒன்று. சின்ன வயது அக்கா, கறுப்பு அங்கியில்.

கீழே எழுதியிருந்தது: எம்.ஏ., மலையாளம்.