கோழிக்கூண்டும் ஒரு சொல்லும்

நகரப் பேருந்து ஓட்டும் அந்தப் பெண்ணுக்குக் கோழிகள்மேல் பெரிய பிரியம் எதுவும் கிடையாது. அவை அவள் கணவருடைய கோழிகள். தச்சரான அவர், பட்டறையில் மிஞ்சிய பலகைகளைக் கொண்டுவந்து வீட்டின் பின்புறம் தானே கூண்டு கட்டியிருந்தார். சேவலுக்கு டிப்போ மேனேஜர் என்று பெயர். "காலையில கத்துறதத் தவிர வேற வேலையே இல்லை. வேற என்ன பேரு வைக்க?" என்பார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவாள்.

குளிர்காலம் தொடங்கும் முன்னே ஒரு நாள், பட்டறையில் பலகை இழைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். பக்கவாதம். வீட்டுக்குத் திரும்பியபோது வலது கையும் காலும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பேச்சே அவரிடம் இல்லை. நாம் சொல்வது அவருக்குப் புரியும், பதில் சொல்லத்தான் வாய் வராது என்றார் டாக்டர். பின்பக்க ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டுக்கொடுத்தாள். அங்கிருந்து கூண்டு தெரியும்.

தண்ணீரே உறைந்துபோகும் அந்த ஊரில் முதல் பனி விழுந்ததும் அவளுக்குக் கோழிகளின் கவலை வந்தது. கூரைக்குக் கீழே, சுவரின் உச்சியில், இரண்டு பக்கமும் கை நுழைகிற அளவுக்கு நீளமாக இடைவெளி இருந்தது. இத்தனை நன்றாக வேலை தெரிந்த மனிதர் இதை எப்படி விட்டார் என்று நினைத்தாள். பழைய கம்பளிகளை மடித்துத் திணித்து, மேலே சட்டம் வைத்து ஆணி அடித்தாள். கை விறைக்க உள்ளே வந்து அவரிடம் சொன்னாள்.

"ஒரு ஓட்டை விடாம அடைச்சிட்டேங்க. இனி பொட்டுக் காத்து போகாது. நிம்மதியா இருங்க."

அவர் முகம் மாறியது. இடது கையைத் தூக்கினார். உதடு கோணியது. பல நாள் கழித்து முதன்முதலாக ஒரு சொல் வந்தது.

"மேல."

"என்னங்க?"

"மேல... மேல..."

தூக்கிய விரல் கூரையைக் காட்டியது. "அப்படியெல்லாம் பேசாதீங்க. எங்கயும் போகமாட்டீங்க," என்று அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அவர் தலையைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டார். அவள் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வெளியூரில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னாள். "அப்பா மேல போறேன்னு சொல்றாருடி. வேற ஒரு வார்த்தையும் வரல. அது மட்டும் வருது."

"நான் லீவு போட்டுட்டு வரேன்மா," என்றாள் மகள்.

அந்த வாரம் கோழிகளின் கொண்டை நுனி கறுக்கத் தொடங்கியது. ஒரு பெட்டைக்கோழி கழியை விட்டு இறங்காமல் உட்கார்ந்தே இருந்து செத்தது. இது குளிரால் இல்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் அடித்திருப்பாள். இன்னொரு கம்பளியைக் கொண்டுபோய்க் கதவிடுக்கிலும் திணித்தாள். கூண்டுக்குள் குனிந்தபோது எச்சத்தின் நெடி கண்ணில் எரிந்தது. செத்த கோழியை அவர் கண்ணில் படாமல் எடுத்துப்போனதாக நினைத்தாள். ஜன்னல் வழியாக அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் வண்டியில் நல்ல கூட்டம். குளிருக்குப் பயந்து எல்லோரும் ஜன்னல்களை இழுத்து மூடியிருந்தார்கள். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் முன்கண்ணாடி ஆவி படிந்து மங்கிவிட்டது. கம்பியைப் பிடித்து நின்றவர்களின் தலைக்கு மேலே தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பல வருஷப் பழக்கத்தில், திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தாள்.

"மேல இருக்கற சின்ன ஜன்னலத் தொறந்து விடுங்க. மூச்செல்லாம் தண்ணியா நிக்குது."

"குளிரடிக்கும்மா," என்றார் ஒருவர்.

"மேலதாங்க தொறக்கச் சொல்றேன். உங்க மேல படாது."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதிலேயே விழுந்தது. அடுத்த நிறுத்தத்தில் வண்டியை ஓரங்கட்டியவள், ஏறவேண்டியவர்கள் ஏறி முடித்தும் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பின்னால் யாரோ மணியை அடித்தார்கள்.

வேலை முடிந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் கூண்டுக்குப் போனாள். உள்சுவரைத் தொட்டால் ஈரம். திணித்த கம்பளி பனிக்கட்டி பிடித்துப் பலகை மாதிரி விறைத்திருந்தது. அத்தனை கோழிகளின் மூச்சும் வெளியே போக வழியில்லாமல் அவற்றின் கொண்டையிலேயே உறைந்திருக்கிறது. சட்டங்களைப் பெயர்த்து எல்லாக் கம்பளியையும் பிடுங்கி எறிந்தாள். நனைந்த வைக்கோலை வாரிக் கொட்டிவிட்டு, காய்ந்த வைக்கோலைக் கனமாகப் பரப்பினாள். கழியில் உட்காரும் கோழியின் தலைக்கு எவ்வளவோ மேலே இருந்தது அந்த இடைவெளி. காற்று அவற்றைத் தொடாமலே போய்வரும். அளந்து வைத்திருக்கிறார் மனுஷன்.

உள்ளே வந்து கட்டிலருகே மண்டியிட்டாள்.

"மேல ஓட்டையைத் தொறக்கச் சொன்னீங்களா?"

அவர் அவளையே பார்த்தார். கண்ணோரம் வழிந்தது. பிறகு வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

"நான் உங்களுக்கு எமன் வந்துட்டான்னு பயந்தேன். நீங்க கோழிக்குச் சொல்லியிருக்கீங்க," என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் மார்பில் தலையை வைத்துக்கொண்டாள். அவர் இடது கை மெதுவாக வந்து அவள் தொப்பியைக் கழற்றியது.

மகள் வந்தபோது வீட்டில் யாரும் அழுதுகொண்டிருக்கவில்லை. அப்பாவின் கைச்சாடையைப் பார்த்துப் பார்த்து, கொண்டைகளுக்கு வாஸ்லின் தடவிக்கொண்டிருந்தாள் அம்மா. டிப்போ மேனேஜரின் கொண்டையில் மூன்று முனை உதிர்ந்துபோனது. மற்றவை பிழைத்தன.

அதற்குப்பின் அவருக்குச் சில சொற்கள் திரும்பின. தண்ணி, கதவு, போதும். அவள் பெயரும் வந்தது, பாதி. இன்னொரு குளிர்காலத்தையும் இருவரும் சேர்ந்தே பார்த்தார்கள். அடுத்த வெயில் காலத்தில், மத்தியானத் தூக்கத்திலேயே அவர் போய்விட்டார்.

கோழிகளை எதிர்வீட்டுத் தபால்காரருக்குக் கொடுத்தாள். கூண்டோடு நாலு பேர் தூக்கிப் போனார்கள். ஏன் கொடுத்தாய் என்று மகள் வருத்தப்பட்டாள்.

"எனக்குக் கோழி பிடிக்காதுடி," என்றாள் அவள். "அவரைத்தான் பிடிக்கும்."