கேட் ஃப்ரிட்ஜில் வைக்காத பீர்

நோரீன் ட்ரெங்கோவ் பிடிவாதக்காரி. முதல் கணவனும் அப்படித்தான் சொன்னான், இரண்டாம் கணவனும் அப்படித்தான் சொன்னான். அவர்கள் இருவரும் இப்போது எங்கே இருக்கிறார்களோ, அவள் மட்டும் ஆஸ்திரேலியாவின் கோதுமைப் பகுதியில் உள்ள முல்லகூனிலேயே இருக்கிறாள்.

ஊரில் இருந்த ஒரே பப் மூடப்பட்டதும் அதன் சமையல்காரியான அவளுக்கு வேலை போயிற்று. சிட்னியிலிருந்து மகள் கூப்பிட்டாள். "பின்னாடி ரூம் சும்மாத்தான் கிடக்கு, வந்துடும்மா." அந்த அறையில் மருமகனின் உடற்பயிற்சி சைக்கிளுக்குப் பக்கத்தில் படுத்து மிச்ச ஆயுளைத் தள்ள நோரீனுக்கு மனமில்லை. கோதுமைப் பண்ணைகளுக்குப் பீர் கொண்டுபோய்க் கொடுக்க உரிமம் கேட்டாள்.

விசாரணைக்கு ஊர் மண்டபம் நிரம்பியது. பெரிய பண்ணைக்காரனான கிளெம் ஹாதர்சேஜ் எழுந்து, இவளைவிட யோக்கியமானவள் கிடையாது என்று அடித்துப் பேசினான். அவனோடு ஒரே வீட்டில் வாழும் தங்கை ஈனிட் எழுந்து, கூடவே கூடாது என்றாள். குடித்துக் குடித்தே செத்த அப்பனைப் பத்து வயதிலிருந்து தூக்கிப் படுக்க வைத்தவள் அவள். வேறு எப்படிப் பேசுவாள்? கடைசியில் ஒரு வருடத்துக்கு மட்டும் உரிமம் கிடைத்தது. சரக்கை வயது வந்த ஒருவர் கையில்தான் கொடுக்க வேண்டும், அவர் போதையில் இருக்கக் கூடாது. அதுதான் நிபந்தனை.

முதல் வாரமே நோரீன் சறுக்கினாள். அங்கே ஒவ்வொரு பண்ணையின் கேட்டிலும் ஒரு செத்துப்போன ஃப்ரிட்ஜ் நிற்கும். ரொட்டி, தபால், கன்றுக்குட்டி மருந்து எல்லாம் அதில்தான் வைக்கப்படும். வீடுவரை போகும் மண்பாதையில் யாரும் டயரைத் தேய்க்க மாட்டார்கள். கை பழகிய பழக்கத்தில் ஹாதர்சேஜ் ஃப்ரிட்ஜில் ஒரு பெட்டி பீரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். ரொட்டி எடுக்க வந்த ஈனிட் அதைப் பார்த்தாள். பார்த்ததோடு விட்டாளா, நேரே உரிம அதிகாரிக்குப் போன் போட்டாள். இன்னொரு தடவை நடந்தால் உரிமம் ரத்து என்று எச்சரிக்கை வந்தது.

அதற்குப் பிறகு நோரீன் வீட்டு வாசல்வரை போகாத நாளில்லை.

"ஃப்ரிட்ஜ்லயே வெச்சுட்டுப் போயேன். உள்ள பாம்பா இருக்கு?" என்று பண்ணைக்காரர்கள் கேலி செய்தார்கள்.

"பாம்பு இருந்தா தைரியமா வெச்சிருப்பேன். இருக்கறது ஈனிட்" என்பாள் நோரீன்.

அறுவடை முடிந்தது. கடைசி வயல் அறுத்த அன்று, இயந்திரம் ஓட்டியவர்கள் கையில் பண்ணைக்காரன் குளிர்ந்த பீர் கொடுத்தாக வேண்டும். கொடுக்காதவன் பெயர் அடுத்த அறுவடைவரை சுற்றுவட்டாரம் முழுக்க நாறும். கிளெம் பத்துப் பெட்டி சொல்லியிருந்தான். ஆனால் அவள் போய்ச் சேருவதற்குள் ஆட்கள் ரம்மில் தொடங்கிவிட்டிருந்தார்கள். கிளெம் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

"எறக்கு நோரீன், எறக்கு."

"முடியாது கிளெம். நீ நிக்கவே முடியாம நிக்கற. தெளிஞ்ச ஆள் யாராச்சும் இருந்தா கூப்பிடு."

"என் பண்ணையில வந்து எனக்கே இல்லேங்கறியா? உனக்காகப் பேசினவன் நான்! நான் இல்லேன்னா உனக்கு ஏது உரிமம்?"

அது உண்மைதான். அவளுடைய வியாபாரத்தில் பாதி அவன்தான். பின்னால் ஆட்கள் சிரித்தார்கள்.

சமையலறை வாசலில் ஈனிட் நின்றாள். அந்த வீட்டில் தெளிந்திருந்தது அவள் ஒருத்திதான்.

"என்னைப் பார்க்காதே. அதை நான் தொட மாட்டேன்" என்றாள். பிறகு, "நான் உள்ளதானே இருந்தேன். சத்தமில்லாம எறக்கிட்டுப் போயிருக்கலாமே?"

"நீங்க மாட்டிவிட்ட நாள்லருந்து உங்களுக்குப் பயந்துதான் நடந்தேன், மிஸ் ஹாதர்சேஜ். இன்னிக்கு இவங்களைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு. எல்லாரும் வண்டி ஓட்டிட்டுல்ல வீட்டுக்குப் போகணும்?"

பத்துப் பெட்டியோடும் நோரீன் திரும்பினாள். வழியெல்லாம் அழுதாள், ஆனால் வண்டியைத் திருப்பவில்லை.

அடுத்த நாளிலிருந்து கிளெம் அவளிடம் வாங்கவில்லை. அவன் பேச்சைக் கேட்டு மற்றவர்களும் குறைந்தார்கள். வருட முடிவில் மண்டபத்தில் மறுவிசாரணை நடந்தபோது, இந்தப் பெண் வாடிக்கையாளரை மதிக்கத் தெரியாதவள் என்று கிளெம் எழுந்து சொன்னான். அப்புறம் ஈனிட் எழுந்தாள். நோரீன் மனதுக்குள் சிட்னிக்கு மூட்டை கட்டிவிட்டாள்.

"உங்க ஆட்சேபணையை வாபஸ் வாங்கறீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லே. குடி இந்தப் பக்கமே வரக் கூடாது. வந்துதான் தீரும்னா இவ வண்டியில வரட்டும். எங்கண்ணன் போதையில கேட்டப்போ இல்லேன்னு சொன்னவ இவ ஒருத்திதான். நானே இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடச் சொன்னதில்லே."

உரிமம் நீட்டிக்கப்பட்டது. கிளெம் யார் முகத்தையும் பார்க்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு போய் வண்டியைக் கிளப்பி, தங்கைக்காகக் காத்திருந்தான். ஈனிட் அவனைத் தாண்டி நடந்து போய், நோரீனின் வண்டிக் கதவைத் திறந்து, இருக்கையில் கிடந்த பீர் பெட்டியைத் தன் கையாலேயே தூக்கிப் பின்னால் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.