காயாத துணி

எங்கள் குசினி வாசலில் ஒரு வெள்ளைத் துணித் துண்டு தொங்குகிறது. கைக்குட்டையிலும் சிறிது. காலையில் எழும்பியதும் அதை மழைத்தண்ணீரில் நனைத்து, பிழிந்து, ஆணியில் கொழுவிவிடுவேன். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைக்கிறார்கள். நேர்த்தியில்லை. அதை எனக்குப் பழக்கிவிட்டுப் போனவர் ஒரு ஐயா. வெயில் கந்தோர் ஐயா என்றுதான் அவரைச் சொல்வோம்.

அது சண்டைக்காலம். எங்கள் ஊர் கட்டைபறிச்சானில் வீட்டையும் வயலையும் விட்டுவிட்டு, வள்ளத்தில் குடாவைக் கடந்து வந்து, லிங்கநகர்ப் பக்கம் தகரக் கொட்டில்களில் இருந்தோம். துறைமுகத்துக்கு மேலே மேட்டில், வெயிலையும் மழையையும் அளக்கிற அரசாங்கக் கந்தோரின் சிறு வளவில் எனக்கு வேலை கிடைத்தது. வளவு கூட்ட வேண்டும், ஐயாவுக்குத் தேத்தண்ணி போட வேண்டும். வளவின் நடுவே, புல்லின் மேல், நாலு காலில் ஒரு வெள்ளைப் பலகைப் பெட்டி நின்றது. பார்த்தால் புறாக்கூடு மாதிரி. காற்றுப் போய்வரச் சுற்றிவரச் சாய்பலகை அடித்திருந்தார்கள். உள்ளே, காய்ச்சல் பார்க்கிற கம்பி போல, ஆனால் நீளமாக, இரண்டு கண்ணாடிக் கம்பிகள். ஒன்று வெறும் கம்பி. மற்றதின் அடியில் வெள்ளைத் துணி சுற்றி, அந்தத் துணியின் வால் ஒரு தண்ணீர்க் குப்பிக்குள் கிடக்கும். குப்பிக்கு நல்ல தண்ணீர் நிரப்புவதும் என் வேலைதான்.

ஐயா தன் மூச்சுப் படாமல் எட்டி நின்று பார்த்து, “காய்ஞ்சது இவ்வளவு, ஈரம் இவ்வளவு” என்று வாய்விட்டுச் சொல்லித்தான் எழுதுவார். வெடிச்சத்தம் கேட்கிற நாளிலும் அது பிந்தியதில்லை. “சண்டை முடிஞ்சால் வீட்டைத் திருப்பிக் கட்டலாம், தங்கச்சி. இண்டையான் வெயிலைத் திருப்பி அளக்க ஏலாது” என்பார்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் இலக்கத்தில் பிழைக்கமாட்டேன். அன்றைய வெயிலின் இலக்கத்தை மடியில் முடிந்து வருவது போலக் கொட்டிலுக்குக் கொண்டுவருவேன். குழாயடியில் பெண்கள் காத்திருப்பார்கள். “வெயில் கந்தோர்க்காரி வாறா, வழி விடுங்கோ!” என்று ஒருத்தி நெளிப்புக் காட்டுவாள். “எவ்வளவாம் அக்கா?” என்பாள் இன்னொருத்தி. “ஏன், கூடவெண்டால் குறைக்கச் சொல்லப் போறியோ?” என்பேன் நான். சிரிப்பார்கள். ஊரில் நாலு ஏக்கர் வயலுக்குச் சொந்தக்காரியாக நடந்தவள், தகரக் கொட்டிலிலும் தலை நிமிர்ந்து நடந்தது அந்த ஒரு இலக்கத்தினால்தான்.

ஆனால் நான் கொண்டுவந்தது வெறும் கம்பியின் இலக்கத்தை மட்டும். ஈரக் கம்பியை நான் மதித்ததில்லை. காய்ச்சல்காரனின் நெற்றியில் ஈரச்சீலை போட்டுவிட்டுக் காய்ச்சல் குறைஞ்சிட்டுது என்று சொல்கிற கதையாகத்தான் எனக்கு அது பட்டது. ஏன் என்று ஐயாவிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும். கேட்கவில்லை.

என் புருஷனின் தங்கச்சி, மச்சாள், பக்கத்துக் கொட்டிலில் இருந்தாள். அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு ஒரு பெண்குழந்தை. அதன் தகப்பன் இல்லை. ஆம்பிளையள் காட்டுப் பக்கம் போகப் பயந்த காலம் என்பதால் விறகுக்குப் பெண்கள்தான் போனார்கள். வழியிலிருந்த ஆமிக் காவலரண் திறக்கப் பிந்தும். ஆகவே போவதே வெயில் ஏறின பிறகுதான். மச்சாள் விறகு கட்டி விற்றுத்தான் பிள்ளையைப் பார்த்தாள். போகமுன் என்னிடம் கேட்பாள். இலக்கம் கூட என்று நான் சொன்னால் அன்று போகாமல் நிற்பாள். அவ்வளவு நம்பிக்கை.

அந்தக் கிழமை முழுக்கக் கச்சான் அடித்தது. மேற்கிலிருந்து வந்து மூக்கையும் உதட்டையும் வெடிக்கப் பண்ணுகிற காற்று. “கடையில கச்சான் கடலை வறுக்கினம், இஞ்ச கச்சான் எங்களை வறுக்குது” என்று மச்சாள் பகிடி விட்டுக்கொண்டு, நான் சொன்னபடி கொட்டிலில் இருந்தாள். பிறகு ஒருநாள் விடியக் காற்று விழுந்துவிட்டது. இலை ஆடவில்லை. கடல் எண்ணெய் போலக் கிடந்தது. ஐயா பெட்டியைத் திறந்து பார்த்தார். வெறும் கம்பி நேற்றையிலும் பார்க்கக் குறைவு. மற்றதைப் பார்த்து உச்சுக்கொட்டினார். “ஈரம் ஏறிக்கிடக்கு. நல்லாயில்லை” என்று தனக்குள் சொன்னார். அது என் காதில் விழுந்தது. நான் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

“மச்சாள், இண்டைக்கு எப்பிடி?”

“கச்சான் விட்டிட்டுது. நேத்தையிலும் குறைவு.”

“அப்ப நான் போட்டு வாறன். பிள்ளையைப் பாத்துக்கொள்ளுங்கோ.”

பாலையூற்றுக்கு அப்பால் பற்றைக்குள், கட்டி முடித்த விறகுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். மழையில் நனைந்தவள் மாதிரி மேலெல்லாம் வேர்வை, உடம்பு அடுப்புக்கல்லாய்ச் சுட்டது என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். தூக்கிக்கொண்டு வருகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

செத்தவீட்டுக்கு ஐயா வந்தார். இரவல் வாங்கிப் போட்ட கதிரையில் குந்தமாட்டேன் என்று நின்றார். எல்லோருக்கும் கேட்கும்படி, “பிழை என்னில. ஈரக் கம்பி என்னத்துக்கு எண்டு நான் தங்கச்சிக்கு விளங்கப்படுத்தேல்லை” என்றார். எனக்கு வந்ததே கோபம். துக்கத்திலும் அப்படி ஒரு கோபம். அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய், “அவள் உங்களிட்டைக் கேக்கேல்லை, ஐயா. என்னட்டைத்தான் கேட்டவள். இந்தப் பிழையை நீங்கள் எடுத்துக்கொண்டு போக வேண்டாம்” என்றேன். அவர், “அப்ப பாதியாவது தாங்கோவன்” என்றார். நான் கொடுக்கவில்லை.

அடுத்த நாள் அவரே பெட்டியைத் திறந்து, துணியைத் தொடச் சொன்னார். “வேர்வை காய்ஞ்சால்தான் உடம்பு ஆறும். கச்சானுக்கு இந்தத் துணி கெதியாக் காயும், மனுசரும் தப்புவினம். காத்துமில்லாமல் ஈரமும் ஏறிக்கிடந்தால் துணியும் காயாது, மேல் வேர்வையும் காயாது. வெறும் கம்பி குறைச்சுச் சொன்னாலும் ஆளைக் கொல்லும்.” பிறகு துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு, “கடல் சூடேறிக்கொண்டு வருது, தங்கச்சி. அந்தப் பிள்ளை வளந்து வரேக்கை இப்பிடி நாள் ஒரு புதினமா இராது” என்றார். ஒரு துண்டுத் துணி வெட்டித் தந்தார். அதன் பிறகு குழாயடியில் இரண்டு இலக்கமும் சொன்னேன். ஒருத்தியும் பகிடி பண்ணவில்லை. ஒருத்தியும் என்னைக் குறை சொல்லவுமில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துக் கதைத்திருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஐயா மாற்றலாகிப் போய், பிறகு செத்துப்போனார் என்று கேள்விப்பட்டேன். பாதியைக் கொடுத்திருக்கலாமோ என்று இப்போது நினைக்கிறேன். நான் கொடுக்காமலே அந்த மனுசன் அதைத் தூக்கிக்கொண்டுதான் போயிருப்பார்.

இப்போது ரேடியோவில் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள், நாளைக்கு மனித உடல் உணரும் வெப்பம் கவனத்துக்குரிய அளவில் இருக்கும் என்று. ஐயா சொன்ன அந்த நாள்கள் வருஷத்துக்கு வருஷம் கூடுகின்றன. எந்தத் துணியும் பழசாகிக் கிழியும். நான் புதுத் துண்டு வெட்டிக் கொழுவுவேன்.

மச்சாளின் பிள்ளையை நான்தான் வளர்த்தேன். தாயின் முகம் அவளுக்கு நினைவில்லை. நடந்தது எல்லாம் சொல்லித்தான் வளர்த்தேன். தெரு வேலைக்குக் கல்லும் தாரும் போடுகிற கூட்டத்தில் வேலை செய்கிறாள். இன்று காலையும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். ரேடியோ இருக்கிறது, கையில் போனும் இருக்கிறது. என்றாலும் என்னிடம்தான் கேட்கிறாள். எல்லாம் தெரிந்துகொண்டும் என்னிடம்தான் கேட்கிறாள்.

“மாமி, இண்டைக்கு எப்பிடி?”

உடனே வாய் திறக்க எனக்குப் பயம். எழும்பிப் போய் ஆணியிலிருந்த துணியைத் தொட்டுப் பார்த்தேன். விடியக் கொழுவினது, அப்படியே ஈரமாக இருந்தது.

“போகாதை, பிள்ளை” என்றேன்.

அவள் தொப்பியைக் கதிரையில் வைத்தாள்.