தண்ணீர்த் தொட்டி தெரிகிறதா?

கடைசியாக நானும் அம்மாவும் சேர்ந்து செய்த வேலை, ஒரு மூக்குக்கண்ணாடியின் திருகாணியை முடுக்கியது. வாங்கி வந்த அன்றே ஒரு பக்கக் கம்பி ஆடியது. அம்மா டார்ச் பிடித்தாள்.

"யாருக்கும்மா? உன் மூஞ்சிக்குப் பெரிசா இருக்கே."

"பேக்கரி அக்காவுக்கு. வாயை மூடிட்டு முடுக்கு."

அம்மாவுக்கு ஒரு சிறிய விமானத் தளத்தில் வேலை. நாலு பேர் உட்காரும் விமானங்கள் அங்கிருந்து கிளம்பும். வானிலை கெட்டால் அவற்றின் வழியை மாற்றிக் கொடுப்பாள். வானிலை அறிக்கை தினமும் வரும். ஆனால் மலைக் கணவாயில் மேகம் இறங்குவது அறிக்கைக்கு முன்பே பேக்கரி அக்காவுக்குத் தெரிந்துவிடும். அவர் கடை கணவாயின் அடிவாரத்தில். வாசலில் நின்றால் மலைமேல் ஒரு தண்ணீர்த் தொட்டி தெரியும். அறிக்கையைப் படித்ததும் அம்மா போன் போடுவாள்.

"அக்கா, தொட்டி தெரியுதா?"

தெரிந்தால் கணவாய் வழி. இல்லையென்றால் கடலோரமாக ஊரைச் சுற்றிப் போக வேண்டும். பல வருடப் பழக்கம். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

போன மாதம் ஒரு காலை அக்கா சொன்னார்: "ஒண்ணும் தெரியலைம்மா, பாலை ஊத்தின மாதிரி இருக்கு."

அம்மா வழியை மாற்றினாள். அன்றைய பைலட்டுக்கு அங்கே அவசரக்குடுக்கை என்று பெயர். முணுமுணுத்துக்கொண்டே சுற்றிப் போனார். மதியம் அந்தப் பக்கத்திலிருந்து வந்து இறங்கிய இன்னொருவர், "கணவாயா? காலையிலேர்ந்து பளிச்சுன்னு இருந்துச்சே" என்றார்.

அம்மா கோபப்படவில்லை. அக்கா ஏன் அப்படிச் சொன்னார் என்று குடைய ஆரம்பித்தாள். மறுநாள் போனில் சாதாரணமாகக் கேட்டாள்.

"அக்கா, எதிர்க் கடைப் பலகையில என்ன எழுதியிருக்கு?"

"அவன் என்னைக்குப் பலகையை மாத்தினான்? அதைப் பாத்து வேற படிக்கணுமா?"

அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கண்ணு போயிடுச்சுடா."

"சொல்லிட வேண்டியதுதானே?"

"தெரியலைன்னு சொன்னா சுத்திப் போய்க்கலாம். நான் ஏதாவது சொல்லி, வெட்கப்பட்டு, தெரியாததைத் தெரியுதுன்னு சொல்லிட்டா? மேலே பறக்கிறவன் கதி?"

அன்றிலிருந்து அறிக்கை எப்படி இருந்தாலும் கணவாய் வழியை யாருக்கும் தரவில்லை. அவசரக்குடுக்கை, "உங்களுக்கு மலை மேல என்ன பகை?" என்று கேட்டுப் பார்த்தார். அம்மா கடலோர வழியையே எழுதி நீட்டினாள். ஆனால் அக்காவுக்கு மட்டும் தினமும் போன் போனது. தொட்டி தெரிகிறதா என்று கேட்டு, பதிலைக் கவனமாகக் கேட்டு, நன்றி சொல்லி வைப்பாள்.

பிறகு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினாள். அக்காவை முதன்முதலாகப் பார்த்ததும் சொன்னது பொய்: "எனக்குக் கண் பரிசோதனை. தனியா போகப் பயமா இருக்கு, துணைக்கு வாங்க." போன இடத்தில், "வந்ததுதான் வந்தீங்க, நீங்களும் உக்காருங்க" என்று அவரையும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். அக்காவின் கண் அளவுச் சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினாள். இங்கே கண்ணாடி செய்யக் கொடுத்தாள்.

சனிக்கிழமை பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தாள். வெள்ளிக்கிழமை காலை எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர்.

எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு அம்மாவின் போன் அடித்தது.

"என்னம்மா, இந்த வாரம் ஒருத்தருமே பறக்கலையா? என்னை மறந்துட்டியா?"

நான் மகன் பேசுகிறேன் என்றேன். விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் ரொட்டித் தட்டு ஒன்றை யாரோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா பேசினார்.

"இன்னைக்குத் தொட்டி தெரியுதுப்பா. ஆபீஸ்ல சொல்லிடு."

தெரிகிறதா, அம்மாவுக்காகச் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆபீசுக்கு நான் சொல்லவில்லை.

கண்ணாடிக் கூடு அம்மாவின் கைப்பையில் இருக்கிறது. திறந்து பார்த்தேன். திருகாணி ஆடவில்லை.