புத்தகத்துக்கு ஒரு குழி

ரூஜ் என்ற புறநகரில் இருந்த எங்கள் வீட்டை விற்று அப்பார்ட்மெண்டுக்கு மாற ஆயத்தமான மாதம் அது. அப்பாவின் தோத்திரப் புத்தகம்தான் பெரிய இடைஞ்சலாக நின்றது. செல்லரித்து, தொட்டாலே உதிர்ந்தது.

"இஞ்சேருங்கோ, உந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர் போடுற புளூ பின்னிலை போடுங்கோவன்," என்று மனைவி மூன்றாம் தடவையாகச் சொன்னாள்.

அவள்மேல் எரிந்து விழுந்தேன். அப்பா இறந்தபோது நாட்டில் சண்டை நடந்ததால் ஊருக்குப் போகப் பாதையில்லை. கொள்ளி வைக்காத மகன் நான். பிறகு யாரோ கொண்டுவந்து தந்தது இந்தப் புத்தகம் மட்டும்தான். இதைக் குப்பையில் போடவா?

கோபம் ஆறட்டும் என்று நகரத்திலுள்ள யூத அருங்காட்சியகத்துக்குத் தனியே போனேன். நூலகத்தில் அதற்கு இலவச அனுமதிச்சீட்டு கிடைத்திருந்தது. இலவசமென்றால் விடுகிற ஆள் நானில்லை. அங்கே ஓர் அறையில், கண்ணாடிக்குள் அவர்களுடைய வேதச் சுருள் விரிந்து கிடந்தது. தோலில், எழுத்தெழுத்தாகக் கையால் எழுதியது. ஓரமெல்லாம் நனைந்து கறுத்திருந்தது. என்னையறியாமல் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். சொக்ஸோடு நின்ற என்னைப் பார்த்து, விளக்கம் சொல்லும் முதிய பெண்மணி சிரித்தார். இங்கே அது தேவையில்லை என்றார். ஆனாலும் திரும்பப் போடச் சொல்லவில்லை.

இப்படிப் பழுதான சுருளை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

மயானத்தில் புதைப்போம், மனிதரைப் புதைப்பதுபோல, என்றார். கிழிந்த பிரார்த்தனைப் புத்தகங்களையும் அப்படித்தானாம். கடவுளின் பெயருள்ள தாளை எறிய முடியாதே என்று, பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். எத்தனை நாடுகளிலிருந்து துரத்தப்பட்ட சனம்! அந்த ஓட்டத்திலும் நின்று நிதானித்துப் புத்தகத்துக்குக் குழி வெட்டியிருக்கிறார்கள். அரை மணித்தியாலம் அந்த இடத்தைவிட்டு நான் அசையவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் உள்ளே போய், கட்டாத புது வேட்டியொன்றை எடுத்து வந்தாள்.

"ஆழமாய் வெட்டுங்கோ," என்றாள்.

பின்வளவில் ரோசாச் செடியடியில் கிண்டினேன். வீட்டை வாங்கியவர்களுக்கு இது தெரியவேண்டியதில்லை. புத்தகத்தை வேட்டியில் சுற்றி வைத்து, மூன்று பிடி மண்ணைக் கையால் போட்டேன். அழுதேன்.

மண்வெட்டியைச் சாத்திவிட்டுப் படியேறினேன். மனைவி கதவடியில் துவாயோடு நின்றாள்.

"ஒண்டையும் தொடாதேங்கோ. நேரே போய் முழுகுங்கோ."