கிராஜுவேஷன் கேசரி

என் மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது எங்கள் வீட்டுக்கு ஒரு ஜப்பான்காரப் பெண் வந்து சேர்ந்தாள். ஆளாக வரவில்லை, டிவியில்தான் வந்தாள். ஒரே மாதிரிப் பாவாடையும் முழங்கால் வரை சாக்ஸும் போட்டுக்கொண்டு பதினாறு பெண்கள் ஆடிப் பாடுகிற ஒரு குழு. அந்த ஊரில் இப்படிப்பட்ட பெண்களை ஐடல் என்பார்களாம். ஒவ்வொருத்திக்கும் ஒரு கலர் உண்டு. யாருக்கு யாரைப் பிடிக்கிறதோ, அந்தக் கலர் லைட் குச்சியைக் கையில் வைத்து ஆட்ட வேண்டும். அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் எங்கள் வீட்டு ஹாலில், திரைச்சீலைகளையெல்லாம் இழுத்து மூடிவிட்டு, என் மகள் ஒரு ஆரஞ்சுக் குச்சியை ஆட்டிக்கொண்டிருப்பாள்.

அவளுடைய ஆரஞ்சுக்காரி நின்றது கடைசி வரிசையில், இடது ஓரத்தில். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பதினாறு பேரில் பிடித்ததுதான் பிடித்தாய், நடுவில் நிற்கிறவளைப் பிடிக்கக்கூடாதா? கேட்டேவிட்டேன். அதற்கு அவள் ஆங்கிலத்தில் சொன்ன பதில், கேமரா தன் மேல் இல்லாதபோதும் அந்தப் பெண் சிரித்துக்கொண்டேதான் ஆடுவாள் என்பது. கேமரா இல்லாவிட்டால் உனக்கு எப்படித் தெரியும் என்று மடக்கினேன். வீடியோவை நிறுத்திக் காட்டினாள். திரை ஓரத்தில் பாதி முகம் வெட்டுப்பட்டு, யாரும் பார்க்காத ஒரு சிரிப்பு இருந்தது.

அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் என் மகளின் பரதநாட்டிய வகுப்பு நிகழ்ச்சி நடந்தது. அவளையும் கடைசி வரிசையில்தான் நிற்க வைத்திருந்தார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் கார் பார்க்கிங்கில் டீச்சரைப் பிடித்துக்கொண்டு, நான்கு வருஷமாகப் பணம் கட்டுகிறோம், என் பெண்ணை ஓரம் கட்டுகிறீர்களா என்று கத்தித் தீர்த்தேன். பின் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு என் மகள் உட்கார்ந்திருந்தாள், ஜன்னல் திறந்திருந்தது. அடுத்த மாதமே வகுப்பை நிறுத்திவிட்டாள். அந்தக் கடைசி வரிசையையும் இந்தக் கடைசி வரிசையையும் நான் அப்போது சேர்த்துப் பார்க்கவில்லை. எனக்கு அவ்வளவுதான் மூளை.

ஒரு சனிக்கிழமை காலை மாடியில் அழுகைச் சத்தம் கேட்டது. பதறிக்கொண்டு ஓடினேன். தலையணையில் முகத்தைப் புதைத்தபடி, ஆரஞ்சுக்காரி கிராஜுவேட் ஆகப்போகிறாள் என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். அதைச் சட்டம் போட்டு ஹால் சுவரில் மாட்டியிருக்கிறோம், என்னுடையது ஒன்று, என் வீட்டுக்காரருடையது இரண்டு. அடி சமத்துப் பெண்ணே, ஆட்டம் பாட்டத்துக்கு நடுவிலும் படித்து முடித்துவிட்டாயே என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். எந்தக் காலேஜ் என்று கேட்க வாயைத் திறந்தேன், இவள் இன்னும் பெரிதாக விம்மினாள். சந்தோஷத்தில் அழுகிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். எங்கள் பக்கத்தில் யார் பாஸானாலும் இனிப்பு செய்வோம். ரவையை வறுத்து, நெய் தாராளமாக விட்டு, முந்திரி போட்டுக் கேசரி கிளறினேன். கேசரிப் பவுடர் கை தவறிக் கொஞ்சம் கூடிப்போயிற்று. ஃப்ரீவேயில் ரோடு வேலைக்கு வைக்கிற கூம்பு மாதிரி பளீரென்ற ஆரஞ்சு.

தட்டில் வைத்துக்கொண்டு போனேன். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆரஞ்சு" என்றாள். எழுந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பார்க்கிங்கில் நான் கத்திய நாளுக்குப் பிறகு அவள் என்னைத் தொட்டதே அன்றைக்குத்தான்.

கேசரி தின்றுகொண்டே எல்லாம் சொன்னாள். ஐடல் குழுவில் கிராஜுவேஷன் என்றால் டிகிரியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. குழுவை விட்டுப் போவதைத்தான் அப்படி மரியாதையாகச் சொல்கிறார்கள். கடைசிக் கச்சேரி அன்றைக்கு மட்டும் ஹாலில் இருக்கிற அத்தனை பேரும், மற்றவர்களின் ரசிகர்கள் உட்பட, போகிறவளின் கலரைத்தான் பிடிப்பார்களாம். அதனால்தான் நான் ஆரஞ்சுக் கலரில் கேசரி செய்திருக்கிறேன் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். அம்மாவுக்குச் சொல்லாமலே புரிந்துவிட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

நான் "ம்" என்றேன்.

என் வாழ்நாளில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அதில் பெரிய பொய் அந்த "ம்"தான்.

கடைசிக் கச்சேரியை இரண்டு பேரும் சோஃபாவில் ஒட்டி உட்கார்ந்து பார்த்தோம். ஓரத்தில் நின்றவள் அன்றைக்கு முதல் முறையாக நடுவில் நின்றாள். ஹால் முழுக்க ஆரஞ்சு. என் மகள் என் கையில் இன்னொரு குச்சியைத் திணித்தாள், நானும் ஆட்டினேன். அந்தச் சனி, ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. அவள் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்த காலம் அது.

அப்புறம் ஒரு வருஷம் அந்தப் பெண்ணைப் பற்றிச் செய்தியே இல்லை. என் மகள் முதலில் தினமும் தேடினாள், பிறகு வாரத்துக்கு ஒரு தடவை. ஹைஸ்கூல் வந்தது, ஆர்கெஸ்ட்ரா வந்தது, ஆஸ்பத்திரியில் வாலண்டியர் வேலை வந்தது. லைட் குச்சி டிராயருக்குள் போயிற்று. அவள் விட்டுவிட்டாள். நான் விடவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வளர்ந்து போகிற பெண்ணைப் பிடித்து வைக்க முடியாது, அவள் விட்டுப் போனதையாவது வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியிருக்கலாம்.

ஹூஸ்டனில் ஒரு ஜப்பான் மளிகைக் கடையில் பத்திரிகைகளும் வைத்திருப்பார்கள். ஒரு நாள் டோஃபு வாங்கப் போனவள் புரட்டிப் பார்த்தேன். நீளமான சாம்பல் கலர் கோட்டில் நம் ஆரஞ்சுக்காரி நின்றுகொண்டிருந்தாள். மாடல் ஆகிவிட்டாள். கன்னமெல்லாம் ஒட்டிப்போய், சிரிப்பே இல்லாமல். கடைசி வரிசையிலேயே சிரித்தவளுக்கு முதல் பக்கம் கிடைத்ததும் என்ன வந்தது என்று எனக்குக் கோபம்கூட வந்தது. பத்திரிகையை வாங்கி வந்து மகளிடம் காட்டினேன். மாடல்கள் சிரிக்க மாட்டார்கள் அம்மா என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள், அடுத்த வாரம் பரீட்சை. அந்த ஜப்பான்காரிக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டாயா என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார்.

சில வருஷம் கழித்து ஆரஞ்சுக்காரி தனியாகப் பாடுகிற வீடியோ ஒன்று வந்தது. சின்ன அறை, ஒரு ஸ்டூல், பின்னால் ஒரே ஒரு கிட்டார்க்காரர். உள்ளதைச் சொன்னால், குரல் அப்படியொன்றும் ஓகோ இல்லை. பதினாறு பேர் சேர்ந்து பாடியபோது அவள் குரல் எது என்றே தெரிந்ததில்லை. மேலே போனால் லேசாகப் பிசிறடிக்கும். ஆனால் பிசிறடித்த இடத்தில் அவளே சிரித்துவிட்டாள், அந்தப் பழைய ஓரத்துச் சிரிப்பு. சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தவள் குழவியை அப்படியே வைத்துவிட்டேன். வந்துவிட்டாயா பெண்ணே என்று வாய்விட்டே சொன்னேன். அந்த வீடியோவை மகளுக்கு அனுப்பினேன். ஒரு ஆரஞ்சு இதயம் பதிலாக வந்தது, அவ்வளவுதான்.

மகள் அப்போது டாலஸ் பக்கம் மெடிக்கல் ஸ்கூலில் சேர்ந்திருந்தாள். மெடிக்கல் யாருடைய ஆசை என்று கேட்டால் எங்கள் வீட்டில் எல்லோரும் மோட்டுவளையைப் பார்ப்போம். கோயிலில் பார்க்கிற ஆன்ட்டிகளிடமெல்லாம் அவர்கள் கேட்காமலே நான் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசுவாள். எப்போதும் சிரித்த முகம். நன்றாக இருக்கிறாள் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் ஒரு ஞாயிறு மதியம், மளிகை வாங்கிக்கொண்டு கடை பார்க்கிங்கில் காரில் ஏறினேன், போன் வந்தது. நான் தமிழில் பேச அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதுதான் எங்கள் வழக்கம். அன்றைக்கு அவளே தமிழில் ஆரம்பித்தாள்.

"அம்மா, நான் கிராஜுவேட் ஆகப்போறேன்."

படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. என்ன உளறுகிறாய் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் அவளே சொன்னாள். "அன்னிக்கு நான் சொல்லாமலே உனக்குப் புரிஞ்சுதில்ல? அதான் உன்கிட்ட முதல்ல சொல்றேன்."

படிப்பை விடப்போகிறாள் என்று புரிந்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஆன்ட்டிகள்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அடுத்து கோபம் வந்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். கண்ணாடியில் பின் சீட் தெரிந்தது. இன்னொரு பார்க்கிங் ஞாபகம் வந்தது, பெல்ட் போட்ட ஒரு குட்டிப் பெண்ணும். கேமரா முன்னால் இரண்டு வருஷமாகச் சிரித்தாளே, கேமரா அணைந்த பிறகு என்ன செய்தாள் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேசரி கிளறிய அன்றைக்கு நான் புரிந்துகொள்ளவில்லை. புரிந்துகொண்ட அம்மாவை நம்பித்தான் இவள் கூப்பிட்டிருக்கிறாள். அந்த அம்மாவுக்கு நான் இப்போது எங்கே போவேன்?

"அந்த ஆரஞ்சுக்காரி ஒரு வருஷம் சும்மாதானே இருந்தா" என்றேன். "அப்புறம்தான் போட்டோவுக்கு நின்னா. பாட வந்தது அதுக்கும் எவ்வளவோ கழிச்சு. ஒண்ணும் அவசரம் இல்லை, வீட்டுக்கு வா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீ இன்னுமா அவளைப் பார்க்கிறே?" என்றாள்.

"பின்ன? நீ பாட்டுக்கு விட்டுட்டுப் போயிட்டே. யாராவது பார்க்க வேண்டாமா?"

சிரித்தாள், உடனே ஓவென்று அழுதாள். தூக்கம் இல்லாதது, சாப்பாடு இறங்காதது எல்லாவற்றையும் கொட்டினாள். நடுவில் ஒரு தடவைகூட நான் வாயைத் திறக்கவில்லை, என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன். "சரி, உன் கலர் என்ன?"

"தெரியலைம்மா" என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தாள், இரண்டு பெட்டியோடு. விஷயம் தெரிந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் அதிகம் பேசவில்லை. வெட்டிய புல்லையே திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டிருந்தார். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அந்த "ம்" பொய் என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இதை எழுதவும் பயமில்லை, அவளுக்குத் தமிழ் படிக்க வராது.

கேசரியைப் பரிமாறினேன். வெறும் ரவை நிறத்தில், நெய் மினுமினுப்போடு இருந்தது. அவர் தட்டைப் பார்த்துவிட்டு, அந்த வாரத்தில் முதல் தடவையாகத் தானாக ஒரு கேள்வி கேட்டார்.

"என்ன, கலர் போட மறந்துட்டியா?"

"மறக்கலைங்க" என்றேன். "அவ இன்னும் முடிவு பண்ணலை."

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என் மகள் தட்டை என் பக்கம் நீட்டி, இன்னும் கொஞ்சம் வை என்றாள்.